உடும்பண்ணன்

பூனையைத் தொடுவதற்கு முன்னால் அவர் கைகளைச் சூடாக்கிக்கொள்வார். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, போதவில்லை என்றால் ஜன்னல் விளிம்பில் இருக்கும் டீ கிளாசைச் சற்று நேரம் இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு நிற்பார். பூனையின் சொந்தக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். இவர் அசையமாட்டார். "மேசைதான் சில்லுன்னு இருக்கு. கையும் சில்லுன்னு இருந்தா அது எங்கதான் போகும்?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கூடையைத் திறப்பார்.

எங்களுடையது வீட்டுப் பிராணிகளுக்கான சின்ன மருத்துவமனை. ஒரு பழைய வீட்டின் அறைகளை வாடகைக்கு எடுத்துப் பலகை மாட்டியிருக்கிறார் டாக்டரம்மா. தெருவிலிருந்து ஏறிவரக் கைப்பிடி இல்லாத செங்குத்தான படிகள். ஏறியதும் முதல் அறையில் நான், ஒரு போன், ஒரு எடைமேடை. உள்ளறையில் ஸ்டீல் மேசை. நோய் என்னவென்று சொல்பவர் டாக்டரம்மா. மருந்து எடுத்துக் கொடுப்பவர் கம்பவுண்டர். போனில் பேசுபவள் நான். பிடிப்பவர் இவர். பிடிப்பதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

ஐம்பதைத் தாண்டியவர். உயரம் குறைவு, தோள் அகலம். அவர் கைக்குள் ஒரு பிராணி போய்விட்டால் டாக்டரம்மா சொல்லும்வரை வெளியே வராது. கம்பவுண்டர்தான் உடும்பு என்று பெயர் வைத்தார். உடும்புப்பிடி. அது பரவி எல்லோருக்கும் அவர் உடும்பண்ணன். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். ஒருமுறை நாய்க்குட்டியோடு வந்த கல்லூரிப் பையன் ஒருவன், "உள்ள உடும்பு இருக்குன்னு பேசிக்கிட்டாங்களே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். நான் சிரிப்பை அடக்குவதற்குள் இவரே நீலக் கோட்டோடு வெளியே வந்து, "எடுத்துக்கங்க தம்பி" என்று சுவரோரம் விறைப்பாக நின்றார்.

மனிதர்களுடன் அவருக்குப் பேச்சு குறைவு. பிராணிகளிடம் மரியாதை அதிகம். கம்பவுண்டரை "டேய்" என்பார். அல்சேஷனை "வாங்க சார்" என்பார். முயலுக்குக்கூட நீங்கதான். நடுங்குகிற உடம்பை மார்போடு சேர்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" என்று காதருகே முணுமுணுப்பார். எலும்பு முறிந்த நாய்க்கும் அதே எறும்புதான்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரை தழும்பு. யாராவது நன்றி சொல்லிக் கைகொடுக்க வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நோய் முற்றிய பிராணிக்குக் கடைசி ஊசி போட்டு அனுப்பிவைத்த நாட்களில் சிலர் அவர் கையைப் பற்றிக்கொண்டு அழப்போவார்கள். அப்போதும் அப்படியே. "நாத்தம் அடிக்கும் சார், வேணாம்" என்பார். டெட்டால் சோப்பு வாசனையைத் தவிர அந்தக் கைகளில் வேறு எதையும் நான் முகர்ந்ததில்லை.

டாக்டரம்மா உத்தரவுகளை இங்கிலீஷில்தான் போடுவார். ஊசியைத் தூக்கினால் "ஹோல்ட்." வெளியறையில் நானும் போனில் நாளெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதுவும் இங்கிலீஷ் இலக்கியத்தில். அந்தப் பட்டத்தில் எனக்கு இப்போது அதிகம் பயன்படுவது இந்த ஒரு சொல்தான். ஊரிலிருந்து என் அம்மா ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டால் அவளையும் ஹோல்டில்தான் போடுகிறேன். காத்திருக்கும்போது போனில் இசை ஒலிப்பதால் அவளுக்கு அதில் குறையில்லை. "அந்த வாத்தியம் நல்லாருக்குடி, நீ மெதுவா வா" என்பாள்.

ஒருநாள் கூட்டமில்லாத மத்தியானம் அவர் கேட்டார்: "ஏன் பாப்பா, நீயும் ஹோல்டு ஹோல்டுன்னு கத்துறியே, அங்க யாரைப் பிடிச்சு வெக்கிறே?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு அகராதியில் பக்கம் பக்கமாக அர்த்தம் உண்டு என்றேன். அந்த மொழியில் மூச்சைப் பிடித்து வைப்பதும் அதுதான், நாக்கை அடக்குவதும் அதுதான், கூட்டம் நடத்துவதும், பதவியில் இருப்பதும், ஒரு கருத்தை விடாமல் வைத்திருப்பதும், சொன்ன சொல்லுக்கு ஒருவரைக் கட்டிப்போடுவதும், காத்திருக்கச் சொல்வதும் எல்லாம் அதே சொல்தான் என்று அடுக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அத்தனையும் அந்த ஒரே கையா பிடிக்குது? அப்ப ஊசி யாரு போடறது?" என்றார்.

கம்பவுண்டர் உள்ளிருந்து சிரித்தார். நான் விடவில்லை. நம் பேச்சிலும் சளி பிடிக்கிறது, வழி பிடிக்கிறோம், அடம் பிடிக்கிறோம், வாடகைக்கு வீடு பிடிக்கிறோம் என்று தொடங்கினேன். இன்னும் ஒன்று, ஒருவரை மனசுக்குப் பிடிப்பது, வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டேன். அவருடைய மனைவி பல வருஷத்துக்கு முன்னால் தன் அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லையாம். அதைப் பற்றி உடும்பண்ணன் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை, அதுவும் நான் கேட்காமலே. "போறேன்னாங்க. கதவுகிட்ட கொஞ்ச நேரம் நின்னாங்க. நான் பிடிச்சு நிறுத்தல." அவ்வளவு சொல்லிவிட்டு எடைமேடையைத் துடைக்கப் போய்விட்டார்.

அவர் தங்கியிருப்பது ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறை. மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க ஒருமுறை போனேன். கட்டிலில் கம்பளி ஒன்றைப் பருமனாகச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒரு பெரிய நாயின் அளவு இருக்கும். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "கை பழகிப்போச்சு. சும்மா படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது" என்று கம்பளியை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

அப்படியென்றால் நிஜமாகவே ஒன்றை வளர்க்கலாமே என்று கேட்டிருக்கிறேன். "அதுக்கு ஒரு ஊசி போடணும்னா யாரு பிடிப்பா? நான்தான். அப்புறம் அது என்னைப் பாத்தா கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கும்." மிகையாகச் சொல்லவில்லை. அவரோடு தெருவில் நடந்து பார்த்திருக்கிறேன். வாலை ஆட்டிக்கொண்டு எதிரே வரும் நாய், சற்றுத் தொலைவிலேயே மோப்பம் பிடித்து நின்று, ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போய்விடும். மதில் மேலிருக்கும் பூனை எழுந்துபோகும். அவர் கைக்குள் இருந்தவை அவரை மறப்பதில்லை. "போறாரு பாரு நம்ம ஆளு" என்று தலையாட்டுவார், ஏதோ கடன்காரன் ஒதுங்கிப்போவதைப் பார்ப்பதுபோல. சிரிப்பார். பிறகு அந்தத் தெரு முடியும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார்.

ஒதுங்கிப்போகாதது ஒன்றே ஒன்று. ஒரு கிழட்டு நாய், அதன் பெயர் குண்டன். குட்டியாக இருந்தபோது வைத்த பெயர். நான் பார்க்கும்போது விலா எலும்புகள் தெரிந்தன. பழுப்பு நிறம், பெரிய தலை, பல் பெரும்பாலும் விழுந்துவிட்டது. எங்கள் படியேறும்போதே உடும்பண்ணனின் காலடிச் சத்தத்துக்குக் காதை நிமிர்த்தும். அவர் கைநீட்டினால் தானாகவே வந்து மார்பில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கூட்டிவருகிறவர் ஒரு தையல்கார அம்மா. இரண்டு தெரு தள்ளி சின்னக் கடை. பழைய துணியைப் பிரித்து அளவு மாற்றித் தருபவர். வீட்டில் அவரும் குண்டனும் மட்டும். முழங்கால் சரியில்லை. படியிறங்கும்போது குண்டன் ஒரு படி முன்னால் போய் நிற்கும், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கிவருவார், அப்புறம் அது அடுத்த படிக்குப் போகும்.

ஊசி போடும்போது சொந்தக்காரர்கள் வெளியே போய்விடுவது வழக்கம். பிடிக்கிற கை தங்களுடையது என்று பிராணி நினைத்துவிடக்கூடாது என்ற கவலை. தையல்கார அம்மா போகமாட்டார். குண்டனின் தலையை அவர் இரண்டு கைக்குள் வைத்துக்கொள்வார். உடம்பை இவர் அணைத்திருப்பார். நாலு கைகளுக்கும் நடுவில் நாய் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். சிறுநீரகத்துக்காக வியாழக்கிழமைதோறும் டிரிப் ஏற்ற ஆரம்பித்தார்கள். அது இறங்கி முடிய நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் இருவரும் அப்படியே நிற்பார்கள். ஏதோ பேசுவார்கள். நூல் விலை, மழை, மேல்வீட்டுக்காரரின் டிவி சத்தம். ஒருநாள் உடும்பண்ணனின் கோட்டுப் பொத்தான் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா அவரை நிற்கவைத்தே தைத்துக் கொடுத்தார். நூலைப் பல்லால் கடித்து அறுக்கக் குனிந்தபோது உடும்பண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு வியாழக்கிழமை ஜீன்ஸ் துணியில் பஞ்சு வைத்து அந்த அம்மா தைத்த இரண்டு கைக்கவசங்கள் வந்தன. மணிக்கட்டு முதல் முழங்கை வரை. கீறல் படாமல் இருக்க. அவர் அதை மடித்து டிராயரில் வைத்துக்கொண்டார். கடிக்கிற பூனைகளுக்கு எடுக்கவில்லை. குண்டன் வரும் நாளில் மட்டும் மாட்டிக்கொண்டார். கம்பவுண்டருக்குத் தாங்கவில்லை. "புலி மாதிரி பூனை வருது, வெறுங்கை. பல்லே இல்லாத கிழவன் வர்றான், அதுக்குக் கவசம். என்னண்ணே கணக்கு இது?" "போடா, போய் மாத்திரையை எண்ணு" என்றார் உடும்பண்ணன். காது நுனி சிவந்திருந்தது.

பிறகு குண்டனால் படியேற முடியாமல் போனது. அவர் கீழே போய்த் தூக்கிவருவார். திரும்பும்போதும் தூக்கிக்கொண்டே இறங்குவார்; நாயின் கழுத்துப் பெல்ட்டில் கோத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு தையல்கார அம்மா பின்னால் வருவார். முன்னால் இவர், கையில் நாய், அப்புறம் கயிறு, கடைசியில் அந்த அம்மா. என் நாற்காலியிலிருந்து இதைப் பார்ப்பேன்.

ஒரு வியாழக்கிழமை டாக்டரம்மா உட்காரச் சொல்லிப் பேசினார். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, டிரிப்பால் இனிப் பயனில்லை, வலி கூடத்தான் செய்யும், ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிடலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். தையல்கார அம்மா டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு உடும்பண்ணனிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. வாரா வாரம் உங்க கைக்குள்ளதான கிடக்கான்."

அவர் இப்படி எதற்கும் அபிப்பிராயம் சொல்கிறவர் இல்லை. சொன்னார். "இன்னொரு வாரம் பாக்கலாம்மா. உடம்புல தெம்பு இருக்கு."

அந்த அம்மா போனபின், எதை வைத்துத் தெம்பு இருக்கிறது என்று சொன்னீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். ஆனால் அன்று திறந்திருந்த உள்ளறைக் கதவு வழியாக நான் பார்த்துவிட்டேன். அவர் குண்டனைப் பிடிக்கவே இல்லை. பிடிக்கத் தேவையிருக்கவில்லை. ஊசி ஏறியபோது அது காலை இழுக்கவுமில்லை, முனகவுமில்லை. அவருடைய கை சும்மா அதன் மேல் கிடந்தது. தெம்பு இல்லை என்பது டாக்டரம்மாவைவிட அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. குண்டன் போய்விட்டால் தையல்கார அம்மா இந்தப் படியேற ஒரு காரணமும் இருக்காது. ஒரு நாயின் வலியைக் கொடுத்து உடும்பண்ணன் வியாழக்கிழமைகளை வாங்கிக்கொண்டிருந்தார். இதை நான் யாரிடமாவது சொல்ல வேண்டுமா, சொல்ல நான் யார் என்று யோசித்தபடியே அடுத்த வாரத்துக்கும் நேரம் குறித்துக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போகவில்லை. என் மேசைக்கு எதிரில் வந்து நின்றார்.

"பாப்பா, நீ ஹோல்டுல போடுறியே, அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு என்ன கேக்கும்?"

"ஒரு வாத்தியம் வாசிச்சுட்டே இருக்கும்ணே."

"எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"சிலர் உடனே வெச்சிருவாங்க. சிலர் பாவம், நான் எடுக்கறவரைக்கும் நிப்பாங்க."

"நீ எடுக்காமலே விட்டுட்டா?"

அவர் போனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அடுத்த வியாழன் குண்டனைத் தூக்கி வந்தபோது கைக்கவசம் மாட்டியிருக்கவில்லை. உள்ளறைக் கதவைத் திறந்து பிடிக்கச் சொன்னார் டாக்டரம்மா. பிடித்த நான் அப்படியே நின்றுவிட்டேன். மேசையில் கிடத்தியதும் தையல்கார அம்மா வழக்கம்போல அவரிடம்தான் கேட்டார். "இன்னிக்கு எப்படி இருக்கான்?"

"தெம்பெல்லாம் இல்லம்மா." குனிந்தபடியே பேசினார். "அன்னிக்கும் இல்ல. நான்தான் இழுத்துட்டேன்."

"எதுக்கு?"

நாயின் முதுகில் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தார். "வியாழக்கிழமை வந்துட்டே இருக்கட்டும்னு."

டாக்டரம்மா மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்கார அம்மா குண்டனின் காதை விரல்களுக்கு நடுவே வைத்து நீவினார், துணியின் மடிப்பை நீவுவதுபோல. நான் ஒரு வசவை எதிர்பார்த்தேன். அது நியாயமாகவும் இருந்திருக்கும்.

"டாக்டர் சொன்னது என் காதுல விழாமலா இருந்துச்சு?" என்றார் கடைசியில். "நீங்க என்ன சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான உங்ககிட்ட கேட்டேன்." பிறகு, "போதும். பாவம், அவன் என்ன பண்ணுவான். விட்டுரலாம்."

நாயின் முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தினால் நரம்பு புடைத்து எழும். ஊசி நரம்புக்குள் போனதும் அந்த விரலை எடுக்க வேண்டும். எடுத்தால்தான் மருந்து உடம்புக்குள் போகும். டாக்டரம்மா "ஹோல்ட்" என்றார். விரல் அழுந்தியது. ஊசி போனது. சிவப்பாக ஒரு துளி எட்டிப் பார்த்தது.

"விடுங்கண்ணே."

விரல் எழவில்லை. தமிழில் சொல்லிவிட்டு டாக்டரம்மா காத்திருந்தார். இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னார். உடும்பண்ணன் தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல. குண்டனின் தலையிலிருந்து ஒரு கையை எடுத்த தையல்கார அம்மா அதை அந்த விரலுக்கு மேல் வைத்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "எறும்பு கடிச்ச மாதிரிதான்."

விரல் எழுந்தது.

பின்வாசலில் உடலை எடுத்துப்போகும் வண்டி வந்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி அவரே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். வண்டி போன சத்தம் அடங்கிய பிறகும் குழாயடியில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அவர் முன்னறைக்கு வந்தபோது தையல்கார அம்மா வாசலில், மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். மறுகையில் கயிறு, அதன் நுனியில் பெல்ட் காலியாகத் தரையில் கிடந்தது. முதல் படியைப் பார்த்தார். காலை எடுத்து வைக்கவில்லை. நான் உதவ எழுந்தேன். போன் அடித்தது. எடுத்து, யாரென்றுகூடக் கேட்காமல் ஹோல்டில் போட்டேன்.

அதற்குள் உடும்பண்ணன் என்னைக் கடந்து போயிருந்தார். கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தன. அந்த அம்மாவின் அருகில் போய் நின்றார். கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். குனிந்து, தரையில் கிடந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு ஒரு படி இறங்கி நின்றார். கயிறு லேசாக நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தார். தையல்கார அம்மா ஒரு காலை இறக்கினார், பிறகு இன்னொரு காலை. அவர் அடுத்த படிக்குப் போய் நின்றார். பெல்ட்டை இரண்டே விரல்களில் பிடித்திருந்தார், அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தாலும் கையிலிருந்து போய்விடுகிற மாதிரி.